சிஸ்டம்ரெஸ்க்யூ: கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி உள்ளே விடாதபோது

கணினியில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டிய பிறகு லாகின் ஆகவில்லை என்றால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது கடவுச்சொல்லைத்தான். அது சரிதான் என்று தெரிந்தால், அடுத்து 'ஓஎஸ்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு' என்பார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ் ஓடும் அக்காவின் கணினிக்கும் ஒருவர் அதைத்தான் சொன்னார். பல வருட வேலை முழுவதும் அதில் இருந்தது. எனக்குப் பகீரென்றது. கடைசியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்கிற இலவச மீட்பு லினக்ஸை பென்டிரைவில் போட்டுத்தான் சரிசெய்தேன். ஒரு கோப்புகூடப் போகவில்லை.

கடவுச்சொல் தவறு என்றால் கணினி அதைச் சொல்லிவிடும். இங்கே அப்படி எதுவும் வரவில்லை. திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்தது. கணினியை அணைத்துப் புது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றினால் வழக்கம்போல உள்ளே விட்டது. ஆகவே கோளாறு கடவுச்சொல்லைத் தாண்டிய பிறகு நடக்கிறது.

சிஸ்டம்ரெஸ்க்யூ முதலில் கறுப்புத் திரையில்தான் திறக்கும். கடவுச்சொல் கேட்காமலே ரூட் அதிகாரம் (எதையும் மாற்றக்கூடிய முழு உரிமை) கொடுத்துவிடும். 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வரும். டிஸ்க்கின் பிரிவுகளை (பார்ட்டிஷன்களை) மாற்றும் ஜிபார்ட்டெட், தொலைந்த பார்ட்டிஷனை மீட்கும் டெஸ்ட்டிஸ்க், டிஸ்க்கின் நலத்தைப் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் எல்லாம் தயாராக இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கணினியில் இருக்கும் ஓஎஸ்ஸைத் தொடாமலே எல்லா டிஸ்க்குகளையும் வெளியிலிருந்து பார்க்க முடிவதுதான். படிக்க மட்டும் அனுமதித்து மவுண்ட் செய்தால் (டிஸ்க்கை ஒரு ஃபோல்டராக இணைத்தால்), பார்க்கிற நேரத்தில் எதுவும் மாறிவிடுமோ என்ற பயமில்லை.

அப்படிப் பார்த்ததில்தான் காரணம் கிடைத்தது. அக்காவின் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் பகுதி தனி டிஸ்க்கில் இருக்கிறது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதை யாரோ 'எஸ்டிபி1' என்று பெயரால் எழுதி வைத்திருந்தார்கள். எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் நிலையான பெயர்கள் அல்ல. டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கிற வரிசையில் லினக்ஸின் மையமான கெர்னல் வைக்கிற பெயர்கள். புது டிஸ்க் எஸ்டிபி ஆகிவிட்டது, பழையது எஸ்டிசி என்று தள்ளிப்போனது. புது டிஸ்க்கையும் லினக்ஸின் வழக்கமான வடிவமான இஎக்ஸ்டி4 ஆகவே ஃபார்மட் செய்திருந்ததால், அது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஹோம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரைத் தவிர ஒன்றுமில்லை. அக்காவின் ஃபோல்டரே இல்லாதபோது டெஸ்க்டாப் எங்கே திறக்கும்? அதே இடத்தில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வடிவ) டிஸ்க் வந்திருந்தால் மவுண்ட் தோற்று, எமர்ஜென்சி மோடு என்கிற பழுதுபார்க்கும் எழுத்துத் திரைக்குப் போயிருக்கும். அங்கே கண்ணில் பட ஒரு பிழைச் செய்தியாவது கிடைத்திருக்கும்.

தீர்வு சின்னதுதான். 'பிஎல்கேஐடி' கட்டளை ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள தனி அடையாளமான யூயூஐடி எண்ணைக் காட்டும். எஃப்எஸ்டேபில் பெயரை எடுத்துவிட்டு அந்த எண்ணைப் போட்டேன். கேபிள் வரிசை மாறினாலும் யூயூஐடி மாறாது. புது டிஸ்க்குக்குத் தனி வரி எழுதி 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காதே என்ற குறிப்பு) சேர்த்தேன். அது இல்லாவிட்டால், என்றாவது அந்த டிஸ்க்கைக் கழற்றும்போது கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமான 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிறுத்திவிடும். அப்புறம் எல்லா டிஸ்க்குகளும் மாட்டியபடியே அக்கா உள்ளே போனார்.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் பென்டிரைவுக்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் லாகின் செய்யுங்கள். ஹோம் ஃபோல்டர் காணாமல் போயிருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

சிஸ்டம்ரெஸ்க்யூவில் குறைகளும் உண்டு. கட்டளைகள் பழக்கமில்லாதவர் முதல் திரையிலேயே திகைத்துப்போவார். துணைக்கு ஒருவர் வேண்டும். எனக்கு செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத ஓஎஸ்ஸைத் தொடங்க விடாத பாதுகாப்பை) அணைத்த பிறகுதான் இது பூட் ஆனது. பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட விண்டோஸ் கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அதைக் கையில் எடுத்து வைக்காமல் பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்புகள்) பக்கம் போகாதீர்கள்.

விண்டோஸிலும் இதே குழப்பம் வேறு வடிவத்தில் வரும். யூசர் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றியவர்கள் கணினியில் புது டிஸ்க் டி என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டால், தற்காலிக புரொஃபைலில்தான் உள்ளே விடும். கோப்புகள் போய்விட்டதாகத் தோன்றும்; அவை வேறு எழுத்தின் கீழ் பத்திரமாக இருக்கும். அதற்கு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் எழுத்துகளை மாற்றுவதே சுலபம், இந்தப் பென்டிரைவ் தேவையில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள், அதிலும் ஒன்றுக்கு மேல் டிஸ்க் வைத்திருப்பவர்கள், கணினி நன்றாக ஓடும்போதே ஒரு பழைய பென்டிரைவில் இதைப் போட்டு வையுங்கள்.