எடிட்டிங் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் டைம்லைனைக் காட்டச் சொல்லுங்கள்

டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மீடியா படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங், போஸ்ட் புரொடக்‌ஷன் பயிற்சி என்று சொல்லி ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ என்னிடம் 18,500 ரேண்ட் வாங்கியது. கற்றுக்கொடுத்தது கொஞ்சம். பயிற்சி என்ற பெயரில் எங்களிடம் வாங்கிய வேலை நிறைய. கடைசியில் கொடுத்த சான்றிதழும் செல்லாது, ஷோரீலும் (செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் மாதிரி வீடியோ) எங்களுடையது இல்லை. விஷயம் இப்போது சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் இருப்பதால் ஸ்டூடியோவின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முறை தெரிந்தால் அதே முறையில் யார் வந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். தலைப்பில் சொன்ன டைம்லைன் என்பது எடிட்டிங் மென்பொருளில் படத்துண்டுகளையும் ஒலியையும் வெட்டி வரிசையாக அடுக்கும் இடம்.

நான் சேர்ந்தது 2024 ஜூலையில், படிப்பின் இரண்டாம் ஆண்டில். கல்லூரியில் பாடம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் எடிட்டிங் கை பழகினால்தான் வரும். மொத்த வகுப்பும் ஒரே எடிட் அறையைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது கை பழக நேரம் எங்கே கிடைக்கும்? வேலை கேட்டுப் போனாலோ முதலில் கேட்பது ஷோரீல். அதனால் மாலை வகுப்பு தேடினேன்.

எங்கள் அப்பா கோயில் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். பல தலைமுறைகளாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான். இந்த ஸ்டூடியோக்காரர் எங்களிடம் தமிழில் பேசினார். கோயில் விழாக்களைப் படம் பிடிக்க வருபவர் என்பதால் அப்பாவுக்கு முகப்பழக்கமும் உண்டு. “நம்ம பிள்ளைங்க இந்தத் துறையில முன்னுக்கு வரணும் சாமி, பாப்பாவை நான் பாத்துக்கறேன்” என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். தமிழ் பேசுகிறார், கோயிலுக்கு வருகிறார் என்பதை வைத்து எங்களைப் போன்ற குடும்பங்களைப் பிடிப்பதுதான் அவருடைய வழக்கம் என்று மற்ற மாணவர்களிடம் பேசியபோது தெரிந்தது.

கட்டணத்தில் 16,000 பயிற்சிக்கு, 2,500 ‘மென்பொருள் லைசென்ஸ்’ என்று ரசீதில் இருக்கிறது. அந்த மென்பொருள் டாவின்ச்சி ரிசால்வ். பிளாக்மேஜிக் நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது. இலவசப் பதிப்பிலேயே 3840×2160 அளவில், விநாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வரை வேலை செய்து, படத்தின் மேல் வாட்டர்மார்க் முத்திரை விழாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம், அதாவது முடிந்த வீடியோவாக வெளியே எடுக்கலாம். பணம் கொடுத்து வாங்குவது ‘ஸ்டூடியோ’ பதிப்பு. அதைத் திறந்தால் திரையிலேயே ‘ஸ்டூடியோ’ என்று வரும். எங்கள் கம்ப்யூட்டர் எதிலும் அந்தச் சொல் வரவில்லை. ஆளுக்கு 2,500 ரேண்ட் எதற்குப் போனது என்று இன்றுவரை பதில் இல்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்தே எங்கள் முன்னால் வைத்தது நிஜக் கல்யாணங்களின் ரா ஃபுட்டேஜ், அதாவது இன்னும் வெட்டாத படப்பதிவு. ஃபைல்களுக்குப் பெயர் வைப்பது, கேமரா ஆடிய இடங்களை வெட்டுவது, தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு சேர்ப்பது. இது அசிஸ்டன்ட் எடிட்டரின் வேலை, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல எடிட்டர்கள் பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் அது பயிற்சி. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம், “சனிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க, பார்ட்டி கேக்கறாங்க” என்பதுதான். கல்யாண வீட்டாரிடம் எடிட்டிங்குக்கு ஒரு பணம், அதே எடிட்டிங்கைச் செய்யும் எங்களிடம் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு பணம்.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எடிட்டிங் தெரியாதவர்களுக்கும் புரியும். டோங்காட்டில் நடந்த ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் யாரோ எழுந்து கேமராவை மறைத்துவிட்டார்கள். நல்லவேளையாக மாமா ஒருவர் போனில் எடுத்திருந்தார், அந்த கிளிப்பை உள்ளே வைத்தோம். தொடக்கத்தில் சரியாக இருந்தது. போகப் போகத் தவில் அடிக்கிற கையும் சத்தமும் ஒட்டவே இல்லை, படமும் விட்டுவிட்டு ஓடியது. நான் ஓனரிடம் போய்க் கேட்டேன்: “ஏன் அண்ணா, கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகுது?” அவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. “எக்ஸ்போர்ட் பண்ணா சரியாகிடும்மா, நீ அடுத்ததைப் பாரு” என்றார். எக்ஸ்போர்ட் செய்தோம், சரியாகவில்லை. அப்படியேதான் அந்தக் குடும்பத்துக்குப் போனது. வாழ்க்கையில் ஒரு முறை நடப்பது, அதைக்கூட அப்படித்தான் கொடுத்தார்கள்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கேமராக்கள் விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்திருந்தன, போன் 30. அதுவும் போன்கள் பெரும்பாலும் சீராக 30 எடுப்பதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்தும் போனின் சுமையைப் பொறுத்தும் ஏறி இறங்கும். ஒலி மட்டும் சீராக ஓடும். அதனால்தான் இரண்டும் விலகுகின்றன. ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் போன்ற இலவச மென்பொருளில் முதலில் அதைச் சீரான ஃபிரேம் விகிதத்துக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே 25 ஃபிரேம்தான் வழக்கம். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைக்காவிட்டால் மண்டபத்து டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கும். இந்த நாட்டில் எடிட்டிங் கற்றுக்கொடுப்பவர் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டியது இது. நான் இதை மீடியா துறையிலேயே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவர் விளக்கியதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறத்தைச் சரிசெய்வது, இன்னும் மோசம். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் நிறத்தை மொத்தமாக மாற்றும் ஒரே ரெடிமேட் லட் ஃபைலைப் போட்டுத் தள்ளச் சொன்னார்கள். மஞ்சள் பூசிய முகம், சிவப்புப் பட்டு, மண்டபத்தின் மஞ்சள் விளக்கு எல்லாம் சேர்ந்து மணப்பெண்ணின் முகம் ஆரஞ்சாகிவிடும். கொஞ்சம் கறுப்பாக இருப்பவர்களை ‘பிரைட்’ ஆக்கச் சொல்வார்கள், முகத்தில் இருக்கும் நயமெல்லாம் போய் வெளிறிவிடும். வெக்டர்ஸ்கோப் என்று ஒரு கருவி மென்பொருளிலேயே இருக்கிறது. அதில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. வெள்ளையோ மாநிறமோ கறுப்போ, இயல்பான வெளிச்சத்தில் எல்லாருடைய தோலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். அடர்த்தியும் பிரகாசமும்தான் ஆளுக்கு ஆள் மாறும். அதாவது யாருடைய முகத்தையும் வெளுக்க வைக்காமலே அழகாகக் காட்ட முடியும். அந்த ஜன்னலை எங்களுக்கு ஒரு முறைகூடத் திறந்து காட்டவில்லை. நம் ஆட்கள் முகத்தை நம் ஆளே இப்படிக் கெடுப்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வகுப்புகளும் ஒழுங்காக நடக்கவில்லை. கேட்டால் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, என்பார்கள். 2024 மார்ச் 26 முதல் 2025 ஜனவரி கடைசி வரை அரசு மின் நிறுவனமான எஸ்காம் லோட் ஷெட்டிங்கே செய்யவில்லை என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

செய்த வேலையை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. ரிசால்வில் புராஜெக்ட் (நாம் வெட்டி அடுக்கிய வேலை) ஒரு சாதாரண ஃபைலாகக் கிடக்காது, மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் இருக்கும். அதைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கலாம். ஒரு பையன் ஃபோல்டரையே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துகொண்டு போனான், வீட்டில் திறந்தால் வெறும் கிளிப்கள், ஒரு கட் கூட இல்லை. எக்ஸ்போர்ட் செய்து தாருங்கள் என்று கேட்டதற்கு, “கஸ்டமர் வீட்டு விஷயம், வெளிய குடுக்கக் கூடாது” என்றார்கள். கஸ்டமரின் அந்தரங்கம் நியாயமான காரணம்தான். அப்படியானால் பயிற்சிக்கென்று தனியாகக் கொஞ்சம் ஃபுட்டேஜ் எடுத்து வைத்திருக்க வேண்டும். மேலும் அந்தக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்தார்களா? எங்களுக்குத் தெரிந்து யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அப்புறம் வேலை வாய்ப்பு. கடைசி மாதத்தில் எங்கள் விவரங்களையும் ஷோரீலையும் அவர்களே நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். ரீல் எப்படி இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டவில்லை. எனக்கு ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்த மூத்த எடிட்டர் என் ரீலைப் போட்டார். என் பெயர் வந்தது, பிறகு வந்ததெல்லாம் நான் தொடாத வேலை. அவர் நிறுத்திவிட்டு இன்னொரு ஃபைலைத் திறந்தார். வேறு ஒரு பையன் பெயர், அதற்குப் பிறகு அதே ஷாட், அதே பாட்டு, அதே வரிசை. அவர் கோபப்படவில்லை. “இதுல உன் டைம்லைன் எது, அதைக் காட்டு, ஏன் இங்க வெட்டினேன்னு சொல்லு” என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்டார். இது என் வேலை இல்லை, இந்த ரீலை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடம் கிடைக்கவில்லை.

சான்றிதழ் விஷயத்தை அதற்குப் பிறகுதான் துருவினேன். நோட்டீஸில் ‘சேட்டா அங்கீகாரம்’ (துறைவாரியான பயிற்சி ஆணையத்தின் அங்கீகாரம்) என்று பெரிதாகப் போட்டு, கீழே படிப்புகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான சாக்வாவின் எண் ஒன்று போட்டிருந்தார்கள். சாக்வா எண் என்பது ஒரு படிப்பின் எண். அதை யார் வேண்டுமானாலும் நோட்டீஸில் அச்சடிக்கலாம். அந்தப் படிப்பை நடத்த யாருக்கு அனுமதி உண்டு என்பதுதான் கேள்வி. சாக்வா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் படிப்பின் விவரத்துக்குக் கீழே அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். அதில் இந்த ஸ்டூடியோ இல்லை. அந்தப் படிப்போ பழைய வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் பெரும்பாலானவற்றில் 2024 ஜூன் 30க்குப் பிறகு புதிதாகச் சேரவே முடியாது. தொழில் படிப்புகள் இப்போது அவற்றுக்கான தேசியக் குழுவான கியூசிடிஓவின் கீழ் வருகின்றன. அங்கீகாரம் இல்லாத சிறு பயிற்சிகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாமலே அருமையாகக் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாததை இருப்பதாகச் சொல்வதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைக் காட்டிக் கையை விரித்தார்கள். அந்த வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு, தரமான சேவை கிடைக்காவிட்டால் குறையைச் சரிசெய்யச் சொல்லவோ கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திரும்பப் பெறவோ நமக்கு உரிமை தருகிறது. சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறித்துவிட முடியாது. 20,000 ரேண்ட் வரையிலான தொகைக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே வக்கீல்கள் வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். முதலில் எதிர்த்தரப்புக்கு 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ஆதாரமும் வேண்டும். கோர்ட் குமாஸ்தாவே வழிமுறையைச் சொல்கிறார்.

எங்கள் கடிதம் போன பிறகு ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கே வந்தார். 5,000 ரேண்ட் தருகிறேன், இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். அப்பா தயங்கினார், கோயிலில் அடிக்கடி பார்க்கிற முகம். அம்மாதான், “எம் பிள்ளை கேக்கறது அவ கட்டின பணத்தை. மத்த பிள்ளைங்க வாயை மூட நாங்க ஏன் கையெழுத்துப் போடணும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கே சேருவதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் அவர்களுடைய பழைய மாணவர் ஒருவரின் டைம்லைனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், முடிந்த வீடியோ போதாது. நான் செய்யும் புராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். எந்த ஃபுட்டேஜில் பயிற்சி, அது யாருடையது என்றும் கேளுங்கள். கற்றுக்கொடுக்கும் எண்ணம் உள்ளவர் இதற்கெல்லாம் சலித்துக்கொள்ள மாட்டார். பணமே இல்லையென்றால் பிளாக்மேஜிக் தளத்தில் ரிசால்வ் பாடப் புத்தகங்களும் பயிற்சி ஃபுட்டேஜும் இலவசமாக இருக்கின்றன. நான் இப்போது அதில்தான் படிக்கிறேன். அம்கேனி ரோடு கோயில் காவடியின்போது நானே எடுத்த காட்சிகளை வெட்டிப் பழகுகிறேன். அதில் ஒவ்வொரு கட்டுக்கும் காரணம் சொல்ல என்னால் முடியும்.

அந்த ஸ்டூடியோவில் படித்தவர்கள் இதைப் பார்த்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் பெயரில் போன ரீலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், என்னுடையதும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டுவிடலாம். விசாரணைக்கு முன் எத்தனை பேருடைய ரீல் சேருகிறதோ அவ்வளவு நல்லது. ரசீது தொலைந்திருந்தாலும் வங்கிக் கணக்கு விவரத்தில் பணம் போன வரி இருக்கும், அதை பிரிண்ட் எடுத்து வையுங்கள்.