கடைவாய்ப் பல்லுக்கு எது: வெள்ளியா, வெள்ளையா, சிமெண்டா?

வடசென்னையில் சொத்தைப் பல்லை அடைக்க நினைப்பவர் கோட்டை ஸ்டேஷன் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். இல்லையென்றால் தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக். எங்கே போய் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "வெள்ளிதான் கெட்டி." "ஐயோ, அது பாதரசம், வெள்ளையா போடச் சொல்லுங்க." "சிமெண்ட்டா? ஆறு மாசத்துல கழண்டுடும்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பல், அதில் எந்த இடம் என்று அவர்கள் யாரும் கேட்பதில்லை.

வெள்ளி அடைப்பில் எடைக்கு ஏறக்குறைய பாதி பாதரசம். மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இது பல்லோடு ஒட்டாது. உள்ளே அகலமாகவும் வாய்ப்பக்கம் சற்றுக் குறுகலாகவும் குழி தோண்டினால்தான் விழாமல் நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கும். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. கறுத்துப் போகும், ஐஸ் தண்ணீர் பட்டால் சுருக்கென்று தெரியும். இதையெல்லாம் மீறி அதன் பலம் ஒன்று உண்டு: கொஞ்சம் எச்சில் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கடைவாய்ப் பல்லில் பத்துப் பதினைந்து வருடம் சாதாரணமாக உழைக்கும்.

ஆனால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு வெள்ளி அடைப்பைத் தவிர்க்க வேண்டும் என்று 2022-இல் அதில் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியோடு ஏறக்குறைய முழுதாகவே நிறுத்திவிட்டது. இதைப் படித்துவிட்டு, வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளியைப் பிடுங்கச் சொல்லி யாரும் ஓட வேண்டாம். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்பும். விரிசல் விட்டாலோ, அடியில் சொத்தை தெரிந்தாலோ மாற்றினால் போதும்.

வெள்ளை அடைப்பு, அதாவது காம்போசிட், பிசினும் கண்ணாடித் துகளும் சேர்ந்தது. ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, பசை பூசி, இரண்டு மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் நீல விளக்கில் கெட்டியாக்குவார்கள். பல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொத்தையை மட்டும் சுரண்டினால் போதும். நிறமும் பொருந்தும். முன்பல்லுக்கு இதற்குப் போட்டியே இல்லை. கடைவாய்ப் பல்லில்தான் சிக்கல். கெட்டியாகும்போது இது லேசாகச் சுருங்கும். ஒட்டும் நேரத்தில் எச்சிலோ ரத்தமோ பட்டால் ஓரத்தில் இடைவெளி விழும், அதன் வழியே மறுபடியும் சொத்தை நுழையும். இரண்டு பல்லுக்கு நடுவில், ஈறுக்குக் கீழே இறங்கிய குழி என்றால் உலர வைப்பதே பெரும்பாடு. ரப்பர் ஷீட் மாட்டி, பொறுமையாக உட்கார்ந்து செய்கிற டாக்டர் கிடைத்தால் காம்போசிட் வாங்கிய காசுக்கு உழைக்கும். அவசரத்தில் பத்து நிமிடத்தில் முடித்துத் தருவதற்கு அதே பணம் கொடுப்பது வீண் என்பது என் கட்சி. பல்லிடுக்கு சரியாக மூடாவிட்டால், காசிமேட்டு வஞ்சிரம் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் நார் சிக்கிக்கொண்டு அதை நினைவுபடுத்தும். வெற்றிலை பாக்கும் நாளுக்கு ஐந்து டீயும் பழக்கம் என்றால் ஓரங்களில் கறையும் ஏறும்.

சிமெண்ட் என்று ஊரில் சொல்வது கிளாஸ் அயனோமர். இதைத்தான் நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான இந்தக் கண்ணாடித்தூள், அமிலக் கலவை, பல்லோடு வேதியியல் முறையிலேயே ஒட்டும். ஃபுளோரைடையும் மெதுவாக வெளியே விடும். மெல்லும் மேற்பரப்பில் சீக்கிரம் தேயும், அது உண்மைதான். ஆனால் ஈறோரத்துத் தேய்மானத்துக்கு இது நல்ல தேர்வு. செங்கல் தூளிலும் கரியிலும் அழுத்தித் தேய்த்த பழைய தலைமுறையின் பல்லில், ஈறு ஓரமாக வெட்டுப் போல ஒரு பள்ளம் இருக்கும். அங்கே மெல்லும் வேலை இல்லை, ஈரம் உண்டு. குழந்தைகளின் பால் பல்லுக்கும் இது போதும். எப்படியும் விழப்போகிற பல்தானே. ஊசியும் மெஷினும் இல்லாமல் கைக்கருவியால் சுரண்டி இதை வைக்கும் முறையும் இருப்பதால், மெஷின் சத்தத்துக்குப் பயந்து அலறும் பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி. ஆழமான குழியில் அடியில் சிமெண்ட், மேலே காம்போசிட் என்று இரண்டையும் சேர்ப்பதும் உண்டு.

செராமிக் அடைப்பு அழகானது, நீடிக்கும். அளவெடுத்துச் செய்வதால் பெரும்பாலும் இரண்டு முறை போக வேண்டும், செலவும் அதிகம். பல்லில் பாதி போயிருந்தால் யோசிக்கலாம். சின்னக் குழிக்குத் தேவையில்லை.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று: முன்பு கிராம்புத் தைலம் கலந்த டெம்பரரி அடைப்பு போட்டிருந்தீர்களா என்பது. அந்தத் தைலத்தில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் காம்போசிட்டைச் சரியாகக் கெட்டியாக விடாது. வலி தாங்காமல் இரவில் பஞ்சில் தைலம் நனைத்து வைத்திருந்தாலும், வெள்ளை அடைப்பு போடும் முன் அதையும் சொல்லிவிடுங்கள்.