கரண்ட் போன ராத்திரியில் கீழ்த்தளம் நனையாமல் இருக்க: மாற்று மோட்டார் எது?

நம்ம பக்கம் கொத்தனாரிடம் ‘பேஸ்மட்டம்’ என்றால் அது தரைக்கு மேலே எழுப்பும் கட்டு. ‘சம்ப்’ என்றால் குடிதண்ணீர்த் தொட்டி. இங்கே பேசப்போவது இரண்டையும் அல்ல. கார் நிறுத்தவோ சாமான் போடவோ தரைக்குக் கீழே கட்டிய தளம், அதன் மூலையில் ஊற்று சேர வெட்டிய வடிகுழி, குழிக்குள் கிடக்கும் மோட்டார். அந்த மோட்டார் நின்றால் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொன்று வேண்டும். அது எது என்பதுதான் கேள்வி.

திருநெல்வேலியில் பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு இது ஐப்பசி, கார்த்திகைப் பிரச்சினை மட்டும் இல்லை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தாலே சுவரடியில் கசிய ஆரம்பித்துவிடும். ஆனால் கரண்டும் சேர்ந்து போவது வடகிழக்குப் பருவமழையில்தான். ஊற்று அதிகமாக வரும் நேரமும் மோட்டார் ஓடாத நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

கடைக்குப் போகுமுன் ஊற்றை அளந்துவிடுங்கள். நல்ல மழைக்கு மறுநாள் மோட்டாரை நிறுத்தி, குழிக்குள் ஒரு அடிக்குச்சியை நிறுத்தி, ஒரு நிமிடத்தில் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பாருங்கள். 60க்கு 60 செ.மீ. குழியில் 1 செ.மீ. ஏறினால் 3.6 லிட்டர். நிமிடத்துக்கு 5 செ.மீ. என்றால் 18 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 1,080 லிட்டர். அடுத்து, குழியின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே விழும் இடம் வரை உயரத்தை அளக்கவும். இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் ‘அரை எச்பி போதுமா, ஒரு எச்பி வேண்டுமா’ என்று கேட்பதில் பயனில்லை.

பலரும் முதலில் நினைப்பது, வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற மோட்டாரையே மாட்டிவிடலாம் என்று. இதில் இரண்டு சிக்கல். அரை எச்பி சப்மெர்சிபிள் ஓடும்போது சுமார் 600 வாட்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் நாலைந்து மடங்கு கேட்கும். ஃபேனும் லைட்டும் ஓட்ட வாங்கிய 900 விஏ இன்வெர்ட்டர் அங்கேயே ‘ஓவர்லோடு’ காட்டி நின்றுவிடும். 2 கேவிஏ அளவில் சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரி இரண்டும் இருந்தால் கிளம்பும். ஸ்கொயர் வேவ் என்றால் மோட்டார் சூடேறும். அந்த இரண்டு பேட்டரியில் மோட்டார் இடைவிடாமல் ஓடினால் சுமார் 3 மணி நேரம் தாங்கும். இரண்டாவது சிக்கல்தான் பெரிது: இருக்கிற ஒரே மோட்டாரில் கெபாசிட்டர் போனாலோ, ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீரோடு மிதந்து எழும்பி மோட்டாரைப் போடும் சுவிட்ச்) சுவரில் சிக்கினாலோ, எத்தனை பேட்டரி இருந்தும் தண்ணீர் ஏறும். மாற்று என்றால் தனி மோட்டார், தனி ஃப்ளோட், தனி பைப்.

12 வோல்ட் டிசி மோட்டார் இதற்கு நேர்மாறு. ஆள் சின்னவன், ஆனால் இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரடியாக ஓடுவான். பெட்டியில் மணிக்கு 7,500 லிட்டர் என்று போட்டிருந்தால் அது உயரமே இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. 3 மீட்டர் ஏற்றினால் 3,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டருக்கு மேல் இந்த வகையை நம்பவேண்டாம். சுமார் 10 ஆம்பியர் இழுப்பதால் 100 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் இடைவிடாமல் 7 மணி நேரம் ஓடும். மேலே அளந்த 1,080 லிட்டர் ஊற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் போதும். ஆக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஏறக்குறைய ஒப்பேறும். கார் பேட்டரியைப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். அடிக்கடி அடிவரை இறக்கினால் அது சீக்கிரமே செத்துவிடும்.

டிசியில் ஏமாற்றுவது வயர். பேட்டரி 10 மீட்டர் தள்ளி இருந்து 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்தால் போக வர 20 மீட்டரில் ஏறக்குறைய 1.5 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். மோட்டார் சுற்றும், தண்ணீர் மேலே வராது. 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.6 வோல்ட்தான்.

பெட்ரோல் பம்ப்செட் 2 இன்ச் என்றால் மணிக்கு 30,000 லிட்டர் வரை இறைக்கும், பேட்டரிக் கவலை இல்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்குத் தானாகக் கிளம்பாது. ஒரு ஆள் வேண்டும். உறிஞ்சும் உயரம் 6 மீட்டருக்குள் இருக்கவேண்டும். இன்ஜினை ஒருபோதும் கீழ்த்தளத்துக்குள் இறக்கக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கி வைப்பது நல்ல யோசனை.

குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடும் வகையும் வெளிநாட்டில் உண்டு. அதற்கு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் நிற்காமல் வேண்டும். மாடித் தொட்டி 7 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது 0.7 பார். நமக்கு ஆகாது.

எங்கள் தீர்ப்பு இது: ஊற்று நிமிடத்துக்கு 25 லிட்டருக்குள், உயரம் மூன்றரை மீட்டருக்குள் என்றால் டிசி மோட்டார்தான். அதற்கு மேல் போகும் அடுக்குமாடிகளுக்கு இரண்டாவது ஏசி மோட்டாரும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும், கூடவே ஒரு பம்ப்செட்டும்.

எதை வாங்கினாலும் பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் தரைத்தளத்திலோ அதற்கு மேலோ, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். கீழே வைத்தால் காப்பாற்றவேண்டிய நேரத்தில் அதுவே முழுகும். மாற்று மோட்டாரின் ஃப்ளோட் முதல் ஃப்ளோட்டைவிட 15 செ.மீ. மேலே இருக்கவேண்டும். இரண்டு பைப்பையும் ஒன்றாகச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு) கட்டாயம். இல்லாவிட்டால் ஒன்று ஏற்றும் தண்ணீர் மற்றதன் வழியாகக் குழிக்கே திரும்பும். வால்வுக்குக் கீழே, குழிக்குள் இருக்கும் பைப்பில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டு, ஓடியும் இறைக்காமல் போவதைத் தடுப்பது அந்தச் சின்ன ஓட்டைதான்.

மாதம் ஒருமுறை முதல் மோட்டாரின் எம்சிபியை இறக்கிவிட்டு, இரண்டாவது ஃப்ளோட் எழும்பும்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கையால் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஃப்ளோட் தானாக எழுந்து மோட்டார் கிளம்பவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைத் தூக்கி வலையில் அடைத்த முடி, மண், பாலித்தீன் தாளை எடுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பாருங்கள், முனைகளில் வாசலைன் தடவுங்கள். புரட்டாசி முடியுமுன் அரைமணி நேரம் ஓட்டி, ஓடும்போதே வோல்ட் பாருங்கள். 100 ஏஎச் பேட்டரி அதற்குள் 11.5க்குக் கீழே இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பம்ப்செட்டை ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிடவேண்டும்.

2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி கரை தாண்டி கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கமெல்லாம் வந்தது. அப்படி ஆறே உள்ளே வரும்போது எந்த மோட்டாரும் ஈடுகொடுக்காது. கீழ்த்தள மெயினை மேலிருந்தே இறக்கிவிட்டு ஆட்கள் வெளியேறுவதுதான் வழி. வெள்ளம் வடிந்த பிறகும் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறிப்போய்ச் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே தாங்கிப் பிடிப்பது அந்தத் தண்ணீர்தான். ஒரு அடி இறைத்து, சுவரில் கோடு போட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் இன்னும் காத்திருக்கவேண்டும். ஏறவில்லை என்றால் அடுத்த இரண்டு, மூன்று அடியை இறைக்கலாம். பிறகு மறுபடி கோடு, மறுபடி ஒரு ராத்திரி.