விதிக் கோப்பு எங்கே போய்ச் சேரும்: மெசான் பில்டு கருவி குறித்து ஒரு மதிப்புரை

யூஎஸ்பி வழியாக இணையும் ஓர் அளவீட்டுக் கருவிக்கோ கைரேகை வருடிக்கோ லினக்ஸில் நிரல் எழுதுகிறவர், நிரலோடு சேர்த்து இரண்டு மூன்று வரிகள் கொண்ட ஒரு யூடெவ் (செருகப்படும் சாதனங்களைக் கையாளும் லினக்ஸ் பகுதி) விதிக் கோப்பையும் அனுப்பியாக வேண்டும். அந்தக் கோப்பு உரிய அடைவில் இல்லாவிட்டால், சாதனத்தைச் செருகியதும் டெவ் அடைவில் தோன்றும் சாதனக் கோப்பில் எழுதும் உரிமை பொதுவாக ரூட் எனும் முழு அதிகாரப் பயனருக்கு மட்டுமே இருக்கும். நிரல் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் சாதாரணப் பயனர் காண்பது அனுமதி மறுப்புச் செய்தியைத்தான். இந்தச் சிறு கோப்பைச் சரியான இடத்தில் கொண்டு சேர்க்கும் வேலையை, மூல நிரலைத் தொகுத்து நிறுவ உதவும் கருவியான மெசான் எப்படிச் செய்கிறது என்பதை மட்டுமே இந்த மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. அதன் வேகத்தைப் பற்றியும் எளிய தொடரமைப்பைப் பற்றியும் பலரும் எழுதிவிட்டார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோப்பை நகலெடுத்து வைப்பதில் மெசானிடம் குறை காண்பது கடினம், ஆனால் எங்கே வைப்பது என்ற கேள்வியை அது முழுக்க நம் தலையில் கட்டிவிடுகிறது, இந்த வேலையில் சிக்கலான பாதியே அதுதான்.

மெசானை ஜூசி பக்கானென் உருவாக்கினார். அதன் முதல் வெளியீடு 2013இல் வந்தது. பைத்தானில் எழுதப்பட்ட இந்தக் கருவி, லினக்ஸில் உண்மையான தொகுக்கும் வேலையை நிஞ்சா என்ற இன்னொரு கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறது. 2012இல் யூடெவின் மூல நிரல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. அந்தச் சிஸ்டம்டி 2017இல் பழைய பில்டு கருவியான ஆட்டோடூல்ஸை விட்டு மெசானுக்கு மாறியது. ஆக, யூடெவும் இன்று மெசானால்தான் தொகுக்கப்படுகிறது. இவ்வளவு நெருக்கம் இருந்தும், க்னோம், க்யூடி போன்றவற்றுக்குத் தனித் தொகுதிகள் வைத்திருக்கும் மெசான், யூடெவுக்கென்று ஒன்றைத் தரவில்லை. சிஸ்டம்டி செய்வதைப் பார்த்து அதே வழியை நம் திட்டத்திலும் பின்பற்றலாம் என்று தோன்றும். ஆனால் சிஸ்டம்டி தன் சொந்த வீட்டில் விதிகளை வைக்கிறது, நாம் விருந்தாளியாகப் போகிறோம். விருந்தாளி எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யூடெவ் விதிகளைத் தேடும் இடங்கள் சில. பேக்கேஜ்கள் வைப்பது '/யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி' அடைவில், கணினியின் நிர்வாகி தன் கையால் எழுதுபவை '/ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி' அடைவில், கணினி ஓடும்போது மட்டும் நிலைக்கும் தற்காலிக விதிகள் '/ரன்/யூடெவ்/ரூல்ஸ்.டி' அடைவில். எல்லா அடைவுகளின் கோப்புகளும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, எங்கிருந்து வந்தவை என்று பாராமல் பெயர் வரிசையில் படிக்கப்படும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் ஈடிசியில் இருப்பது மற்றதை மறைத்துவிடும். அதனால்தான் ஒரு மென்பொருள் தன் விதியை ஈடிசியில் நிறுவுவதை நான் தவறு என்றே கருதுகிறேன். நிர்வாகி நம் விதியைத் திருத்தவோ, அதே பெயரில் '/டெவ்/நல்' என்ற வெற்றுக் கோப்பை நோக்கிய ஒரு குறியிணைப்பை வைத்து முடக்கவோ ஒதுக்கப்பட்ட இடத்தை நாமே பிடித்துக்கொள்வது முறையல்ல. பாதையை நேராக எழுதிவிட்டு நகர்ந்துவிடும் மெசான் கோப்புகள் பலவற்றில் இந்தத் தவறு இருக்கிறது. மெசான் அதை எச்சரிப்பதும் இல்லை.

நிறுவும் கட்டளை மிகச் சிறியது. 'இன்ஸ்டால்_டேட்டா' என்ற செயற்கூற்றுக்குக் கோப்பின் பெயரையும், 'இன்ஸ்டால்_டிர்' என்ற வாதத்தில் அடைவையும் கொடுத்தால் வேலை முடிந்தது. அடைவு இல்லையென்றால் மெசானே உருவாக்கிக்கொள்கிறது. அடைவுக்கான பாதையை யூடெவிடமே கேட்பதுதான் முறை: 'யூடெவ்' என்ற பெயரில் ஒரு சார்பை (திட்டத்துக்குத் தேவையான வெளி மென்பொருளை) அறிவித்து, 'கெட்_வேரியபிள்' வழியாக அதன் பேக்கேஜ்-கான்ஃபிக் கோப்பில் (நிறுவிய மென்பொருளின் பாதைகளைச் சொல்லும் கோப்பு) உள்ள 'யூடெவ்டிர்' மாறியைப் பெற்று, அதன் பின்னால் ஒரு சாய்கோட்டையும் 'ரூல்ஸ்.டி'யையும் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. நிரலை இணைக்க உதவும் 'லிப்யூடெவ்' சார்பு வேறு, பாதையைச் சொல்லும் 'யூடெவ்' சார்பு வேறு. ஏற்கெனவே லிப்யூடெவைச் சார்ந்திருக்கும் திட்டத்தில் அதனிடமே இந்த மாறியைக் கேட்டால் கிடைக்காது. மெசான் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. வெற்று மதிப்பை வைத்துக்கொண்டு மௌனமாக முன்னேறுவதில்லை. ஷெல்லில் பேக்கேஜ்-கான்ஃபிக்கை நேரடியாக அழைத்த பழைய உள்ளமைவு நிரல்களில், மாறி இல்லாவிட்டால் வெற்றுச் சரம் கிடைத்து, விதிக் கோப்பு கோப்பு முறைமையின் வேரிலேயே 'ரூல்ஸ்.டி' என்ற அடைவுக்குள் போய் விழ வழியிருந்தது. இந்த ஒரு கண்டிப்புக்காகவே மெசானை மெச்சலாம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் அண்மைய வெளியீட்டில் அந்தப் பேக்கேஜ்-கான்ஃபிக் கோப்பு 'யூடெவ்' பேக்கேஜிலிருந்து 'சிஸ்டம்டி-டெவ்' பேக்கேஜுக்கு இடம் மாறியிருப்பதால், தொகுக்கும் சார்புகளின் பட்டியலையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும்.

உண்மையான தலைவலி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மெசானின் இயல்பான நிறுவல் முன்னொட்டு, அதாவது கோப்புகள் போய்ச் சேரும் அடிப்படை அடைவு, '/யூஎஸ்ஆர்/லோக்கல்'. யூடெவ் திருப்பித் தரும் பாதையோ '/யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்' என்று முழுமையாக இருக்கும். முழுப் பாதையைக் கொடுத்தால் மெசான் முன்னொட்டைப் பொருட்படுத்தாமல் அங்கேயே வைக்கும். எனவே நிரல் லோக்கலுக்குள்ளும் விதி அதற்கு வெளியே பேக்கேஜ் மேலாளரின் ஆளுகைக்கு உட்பட்ட அடைவிலும் போய்ச் சேரும். வழங்கல்களுக்குப் பேக்கேஜ் கட்டுகிறவர் முன்னொட்டை யூஎஸ்ஆர் என்றே அமைப்பதால் அவருக்கு இது தெரியவே தெரியாது. தன் வீட்டு அடைவுக்குள் முன்னொட்டை வைத்துச் சோதித்துப் பார்க்க நினைக்கும் நிரலாளருக்கோ நிறுவல் பாதியில் அனுமதிப் பிழையில் நிற்கும். அப்போது மெசான் ரூட் உரிமையோடு மறுபடி முயல முன்வரும், அதற்கு யோசிக்காமல் சம்மதித்தால் வீட்டுக்குள் மட்டும் நடக்க வேண்டிய சோதனை கணினி முழுவதையும் தொட்டுவிடும். நிக்ஸ் போன்ற அமைப்புகளில் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கென்று ஓர் அடைவில் வாழும் அங்கே, யூடெவ் சொல்லும் பாதை சிஸ்டம்டியின் சொந்த அடைவைக் காட்டும், அது எழுத முடியாத இடம்.

மாறியைக் கேட்கும்போதே முன்னொட்டை மாற்றிச் சொல்ல 'பிகேஜிகான்ஃபிக்_டிஃபைன்' என்ற வாதம் இருக்கிறது. நம் திட்டத்தின் முன்னொட்டை அதில் கொடுத்தால், யூடெவின் பாதை அந்த முன்னொட்டுக்குக் கீழ் கணக்கிடப்பட்டு வரும். அழகான வழிதான், ஆனால் இரண்டு நிபந்தனைகள் அதற்கு உண்டு. யூடெவின் பேக்கேஜ்-கான்ஃபிக் கோப்பு தன் பாதையை முன்னொட்டு மாறியைக் கொண்டு எழுதியிருக்க வேண்டும். முழுப் பாதையாக எழுதியிருந்தால் நாம் சொல்வது எடுபடாது. மேலும், லோக்கல் அடைவுக்குள் வைத்த விதியை அந்தக் கணினியின் யூடெவ் படிக்கவும் வேண்டும். புதிய சிஸ்டம்டி படிக்கிறது. பழையது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோப்பு இருக்கும், விதி இயங்காது, எங்கும் ஒரு பிழைச் செய்தியும் வராது.

ஆகவே எதையும் தானாகக் கண்டுபிடிக்கும் முயற்சியை ஓரளவோடு நிறுத்திக்கொண்டு, 'யூடெவ்டிர்' என்ற பெயரில் ஒரு விருப்பத்தைத் திட்டத்தில் அறிவிப்பதே நல்லது என்பது என் கருத்து. பயனர் மதிப்புக் கொடுத்தால் அதுவே இறுதி; கொடுக்காவிட்டால் மட்டும் யூடெவிடம் கேட்க வேண்டும்; விதிகளே தேவையில்லை என்று சொல்லவும் ஒரு வழி வேண்டும், ஏனெனில் கன்டெய்னருக்குள் (தனிமைப்படுத்திய சூழலுக்குள்) தொகுக்கிறவருக்கு யூடெவைச் சார்பாகக் கேட்பதே வீண் சுமை. விருப்பங்களுக்கான கோப்பு, 'ஃபீச்சர்' வகை விருப்பம் ஆகியவற்றைக் கொண்டு இவ்வளவையும் பத்துப் பன்னிரண்டு வரிகளில் மெசானில் எழுதிவிடலாம், படிக்கிறவருக்கும் உடனே புரியும். ஆனால் யூடெவ் விதி தேவைப்படும் ஒவ்வொரு திட்டமும் அதே வரிகளைச் சிறு சிறு வேறுபாடுகளோடு மறுபடி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இதை ஒரு தொகுதியாக மெசானே தந்திருக்கலாம் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

கோப்பின் அனுமதிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நிறுவும்போது மெசான் இயல்பாக 022 என்ற மறைப்பைப் (கோப்பில் எந்த உரிமைகளை நீக்குவது என்று சொல்லும் எண்) பயன்படுத்துவதால், நிரலாளரின் கணினியில் கட்டுப்பாடான மறைப்பு இருந்தாலும் விதிக் கோப்பை எல்லோரும் படிக்க முடிகிறது. 'டெஸ்ட்டிர்' சூழல் மாறியை அமைத்து ஒரு தற்காலிக அடைவுக்குள் நிறுவும்போது, முழுப் பாதையாகக் கொடுத்த யூடெவ் அடைவுக்கும் அது முன்னால் சேர்க்கப்படுகிறது; பேக்கேஜ் கட்டுகிறவர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

விதியில் ஓர் உதவி நிரலின் பாதையை நிரப்ப வேண்டியிருந்தால் 'கான்ஃபிகர்_ஃபைல்' உதவுகிறது. மெசான் இயல்பாக இரண்டு அட் குறிகளுக்கு நடுவே உள்ள பெயரை மட்டுமே மாற்றும், டாலர் குறியைத் தொடாது. யூடெவ் தன் மாறிகளுக்கு டாலரையும் விழுக்காட்டுக் குறியையும் பயன்படுத்துவதால் இந்த இயல்பு மிகப் பொருத்தம். சீமேக் என்ற மற்றொரு பில்டு கருவியின் அதே பெயருடைய கட்டளை டாலரும் அடைப்பும் சேர்ந்த வடிவத்தையும் மாற்ற முனையும். அங்கே அட் குறியோடு நிறுத்திக்கொள்ளும்படி தனியாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

கோப்பு வைக்கப்பட்ட பின் 'யூடெவ்அட்ம்' கருவியால் விதிகளை மறுபடி படிக்கச் சொல்ல, 'ஆட்_இன்ஸ்டால்_ஸ்கிரிப்ட்' வழியாக ஒரு கட்டளையை இணைக்கலாம். டெஸ்ட்டிர் அமைந்திருக்கும்போது அந்தக் கட்டளையைத் தவிர்க்க 'ஸ்கிப்_இஃப்_டெஸ்ட்டிர்' என்ற வாதம் 0.57ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் சிறு ஷெல் நிரல் ஒன்றை எழுதி இதே சோதனையைச் செய்ய வேண்டியிருந்தது. விதிகளை மறுபடி படிக்கச் செய்வது ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனத்தைப் பாதிக்காது, புதிய நிகழ்வுகளுக்குத்தான் பொருந்தும். சாதனத்தைக் கழற்றிச் செருகும்படி பயனரிடம் சொல்வதே போதும் என்பேன். நிகழ்வுகளை மறுபடி கிளப்பும் கட்டளையை நிறுவலுக்குள் வைத்தால், தொடர்பே இல்லாத சாதனங்களின் விதிகளும் ஓடத் தொடங்கும்.

2023இல் வந்த சிஸ்டம்டி 254இல் 'யூடெவ்அட்ம் வெரிஃபை' என்ற கட்டளை சேர்ந்தது. அதை மெசானின் 'டெஸ்ட்' செயற்கூற்றோடு இணைத்துவிட்டால், விதியில் விடுபட்ட ஒரு காற்புள்ளியோ மூடப்படாத மேற்கோளோ நிறுவலுக்கு முன்பே பிடிபடும். தொடரமைப்பு சரியாக இருந்து கோப்பின் பெயர் தவறாக இருக்கும் பிழையை மட்டும் அது காட்டுவதில்லை. உள்நுழைந்திருக்கும் பயனருக்குச் சாதனத்தைத் திறந்துவிடும் 'யூஅக்சஸ்' குறிச்சொல், 73 என்ற எண்ணில் தொடங்கும் சிஸ்டம்டியின் விதிக் கோப்புக்கு முன்னால் படிக்கப்பட்டால்தான் பயன் தரும். கோப்பின் பெயரை 99 என்று தொடங்கினால் குறிச்சொல் ஒட்டும், அனுமதி கிடைக்காது. பெயர் 70இல் தொடங்கட்டும்.

நிஞ்சாவின் நீக்கும் கட்டளை, நிறுவல் பதிவேட்டில் குறித்துவைத்த விதிக் கோப்பையும் தவறாமல் அழித்துவிடுகிறது. ஆனால் நிறுவலின்போது ஓடிய கட்டளை அப்போது ஓடாது. செருகியிருக்கும் சாதனத்துக்குக் கொடுத்த உரிமையும் அதைக் கழற்றும்வரை அப்படியே நிற்கும். பதிவேடு தொகுக்கும் அடைவுக்குள் இருப்பதால், அந்த அடைவை முன்பே அழித்துவிட்டவர் விதியைத் தேடிக் கண்டுபிடித்துக் கையால்தான் நீக்க வேண்டும்.