மருந்து அடிப்பவரின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ்: ஆய்வுகூடமா, கைப்பெட்டியா, பயோசென்சரா?

இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் பூச்சிமருந்து அடிப்பவர்களைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு: பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் எல்மன் முறை, கையில் தூக்கிப்போகும் நிறமானிப் பெட்டி, மின்முனை பூட்டிய பயோசென்சர். மூன்றும், நரம்பின் சமிக்ஞைப் பொருளை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியின் வேகத்தைத்தான் அளக்கின்றன. ஒகனோபொஸ்பேட், காபமேட் வகை மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். பெரும்பாலான களைகொல்லிகளும் பைரெத்ரொயிட் வகைப் பூச்சிமருந்துகளும் அப்படி முடக்காது. ஆகவே தேயிலை மலையில் கிளைபோசேட் என்ற களைகொல்லி மட்டும் அடிப்பவரிடம் இந்தச் சோதனை செய்வது வீண் செலவு. மரக்கறித் தோட்டத்துக்குத்தான் இது வேண்டும்.

1961இல் எல்மன் வெளியிட்ட முறைதான் இன்றும் அளவுகோல். சோதனையில் சேர்க்கும் அசிற்றைல்தயோகோலின் என்ற அடிமூலப் பொருளை (நொதி உடைக்கும் பொருளை) நொதி உடைக்கும். வெளிவரும் தயோகோலின் டிடிஎன்பி என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சள் நிறமாகும். அந்த மஞ்சளை 412 நனோமீற்றரில் படிப்பார்கள். முழு இரத்தத்தில் ஹீமோகுளோபினும் அதே இடத்தில் ஒளியை விழுங்குவதால் 436க்கு மாறுவது நல்லது. முறையில் குறை கிடையாது, வழியில்தான் வில்லங்கம். இராகலையில் எடுத்த இரத்தம் மலைப்பாதையில் பேராதனை ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்வதற்குள், குழாயில் மிச்சமிருக்கும் ஒகனோபொஸ்பேட் நொதியைத் தொடர்ந்து முடக்கி, உள்ளதைவிடக் குறைந்த அளவைக் காட்டும். காபமேட் என்றால் நேர்மாறு: நொதி தானாக விடுபட்டு, நஞ்சேறியவருக்கும் இயல்பான அளவு வந்துவிடும். இதற்குப் பரிகாரம், எடுத்த கையோடு 200 மைக்ரோலீற்றர் இரத்தத்தை 4 மில்லிலீற்றர் குளிர்ந்த சேலைனில் கலந்து உறையவைப்பது. ஒகனோபொஸ்பேட்டுக்கு அது போதும். காபமேட்டுக்கு அதுவும் முழுப் பாதுகாப்பில்லை, நீர்க்கச் செய்வதே விடுபடலுக்கு வழிவிடும். சீனி பார்க்க எடுக்கும் புளோரைட் குழாயில் மட்டும் இந்த இரத்தத்தை ஊற்றக்கூடாது; புளோரைட்டே நொதியைத் தடுக்கும்.

கைப்பெட்டி இதே நிறமாற்றத்தைச் சிறிய உருவில் செய்கிறது. விரல் நுனியில் 10 மைக்ரோலீற்றர் இரத்தம், ஏறக்குறைய 4 நிமிடம். ஹீமோகுளோபினையும் அளந்து, ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும். சோகை பரவலாக உள்ள தோட்டப் பெண்களுக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியம். இல்லாவிட்டால் இரத்தக் குறைவே நஞ்சுபோலத் தெரியும். டெஸ்ட்-மேட் என்ற பெட்டியை இலங்கை நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. சிவப்பணு நொதி அளவு ஆய்வுகூடத்தோடு நன்றாக ஒத்துப்போனது. நுவரெலியாவின் காலைக் குளிர் இதற்கு எதிரி. நொதியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பெட்டி 25 பாகைக்குத் திருத்திக் கணக்கிடும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எனவே பெட்டியையும் சோதனை வேதிப்பொருள் குப்பிகளையும் அறைக்குள் வைத்து, குளிர் விட்ட பிறகே தொடங்க வேண்டும்.

விரல்தான் அடுத்த பொறி. மருந்து படிந்த விரலில் குத்தினால், சொட்டோடு கலக்கும் மருந்தே அளவைத் தள்ளிவிடும். சவர்க்காரம் போட்டு நகக்கண் வரை கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, முதல் சொட்டை ஒற்றி எறிந்துவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும்.

பயோசென்சரில் மஞ்சளைப் பார்ப்பதில்லை, தயோகோலின் ஒட்சியேறும்போது வரும் மின்னோட்டத்தையே அளக்கிறார்கள். நிறம் தேவையில்லாததால் இரத்தத்தின் சிவப்பு தொந்தரவு தராது, அதிகம் நீர்க்கச் செய்யவும் வேண்டாம். காபமேட்டைப் பிடிக்க இதுவே பெரிய பலம். சிக்கல் மின்னழுத்தத்தில். வெறும் கார்பன் மின்முனைக்கு 0.6 முதல் 0.7 வோல்ட் வரை வேண்டும். அந்த அழுத்தத்தில் இரத்தத்திலுள்ள யூரிக் அமிலமும் விட்டமின் சியும் சேர்ந்து ஒட்சியேறி மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். கோபால்ட் தலோசயனின் என்ற சேர்மத்தை மின்முனையில் பூசினால் அழுத்தம் வெகுவாக இறங்கும். ஆனாலும் சிவப்பணு உடைந்தால் வெளிவரும் குளுட்டதயோன் என்ற பொருளின் தொந்தரவு மிஞ்சும். அடிமூலப் பொருள் சேர்க்காத வெறும் இரத்தத்தின் மின்னோட்டத்தை முதலில் எடுத்துக் கழிக்காத கருவியை நம்ப வேண்டாம்.

எங்கள் தேர்வு இதுதான். வழமையான கண்காணிப்புக்குக் கைப்பெட்டி, சந்தேகமான அளவை உறுதிசெய்ய எல்மன். பயோசென்சரை வாங்குவதென்றால், அதே நபரின் இரத்தத்தைக் கைப்பெட்டியிலும் போட்டு ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். எந்தக் கருவியானாலும், அடிப்படை அளவு இல்லாமல் பயனில்லை. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு வெகுவாக மாறும். மருந்து தொடாமல் 30 நாள் கழிந்தபின் எடுக்கும் அளவே அடிப்படை. அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் வேலைமுறையைத் திருத்துவதும், சிவப்பணு நொதி 30 சதவீதமோ பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) நொதி 40 சதவீதமோ இறங்கினால் ஆளை மருந்து அடிக்கும் வேலையிலிருந்து விலக்குவதும், 80 சதவீதத்துக்குத் திரும்பிய பின் மறுபடி சேர்ப்பதும் கலிபோர்னியாவில் நடப்பிலுள்ள ஒழுங்கு. பிளாஸ்மா நொதி சில வாரங்களில் மீளும், ஆனால் ஈரல் நோயிலும் கர்ப்பத்திலும்கூட இறங்கும். சிவப்பணு நொதி நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான் ஏறும். பழைய பாதிப்பை அதில்தான் பார்க்கலாம்.

கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வியர்த்து, எச்சில் வழிந்து, நெஞ்சு இரைந்து வருபவருக்கு எந்த அளவுக்காகவும் காத்திருக்கக்கூடாது, நஞ்சுமுறி மருந்தான அட்ரோபீன் உடனே தொடங்க வேண்டும். முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடொக்சைம் ஏற்றிய பின் எடுத்த இரத்தம் என்றால் நேரத்தோடு குறித்து அனுப்புங்கள்: அந்த மருந்து தானே அடிமூலப் பொருளை உடைத்து அளவைக் கூட்டிக் காட்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மரக்கறியில் மருந்து எச்சம் பார்க்கும் பட்டிகளில் நொதி பட்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அது இரத்தத்துக்கு உதவாது. இரத்தப் பட்டியில் அடிமூலப் பொருள்தான் இருக்க வேண்டும், நொதி நோயாளியிடமிருந்து வர வேண்டும்.