உவர்மலை நுண்கட்டுப்படுத்தி வகுப்பு: பலகைக்கு முன் பென்சில்

திருகோணமலை உவர்மலையில் வார இறுதியில் நடைபெறும் ஒரு சிறிய வகுப்பில் நுண்கட்டுப்படுத்திச் செய்நிரலாக்கம் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லுக்குக் கட்டளைகள் எழுதுதல்) கற்பிக்கப்படுகிறது. மகனைச் சேர்க்கப் போன நானும் பின்வரிசையில் அமர்ந்து கற்றேன். அங்கே அத்தகைய சில்லைக் கொண்ட ஆர்டுயினோ ஊனோ பலகை கைக்கு வருமுன் தாளும் பென்சிலுந்தான் வருகின்றன. செய்நிரலின் படிகளைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படத்தை ஆசிரியர் பார்த்துச் சரியென்று சொன்ன பின்னரே கணினியைத் திறக்கலாம்.

சாதாரண தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் இதே படத்தை வரைந்தவர்களுக்கு முதலில் இது சலிப்பாகவே இருக்கும். ஆனால் பாடசாலையில் வரையும் படம் ‘தொடக்கம்’ என்று ஆரம்பித்து ‘முடிவு’ என்று நின்றுவிடுகிறது. நுண்கட்டுப்படுத்தியின் செய்நிரலோ, மின்சாரம் இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. அதனால் இங்கே ‘முடிவு’ப் பெட்டியே கிடையாது. கடைசி அம்புக்குறி எங்கே திரும்பிச் சேர்கிறது என்பதே முதற்கேள்வி, அந்தக் கேள்வியை வகுப்பு நன்றாகவே கையாளுகிறது.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது நம்மூர் வீடுகளுக்குப் பழக்கமான வேலை: கிணற்றிலிருந்து கூரைத் தாங்கிக்கு நீரேற்றும் மோட்டரைத் தானாக இயக்குதல். ஒரு மாணவர், கிணற்றில் நீர் உண்டா என்று பார், தாங்கியில் நீர் குறைந்தால் மோட்டரைப் போடு, நிரம்பிவிட்டதா என்று பார், இல்லையெனில் மீண்டும் அதையே பார் என்று வரைந்திருந்தார். பார்வைக்குப் பிழையே இல்லை. ஆசிரியர் ‘நிரம்பிவிட்டதா’ என்று கேட்கும் சாய்சதுரத்தின் மேல் விரலை வைத்து, “தம்பி, இந்த ‘இல்லை’ சுத்திக்கொண்டு நிக்கேக்க கிணத்தை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார். கோடையில் கிணறு வற்றினால், தாங்கி ஒருபோதும் நிரம்பாது. செய்நிரல் அந்தச் சிறு வளையத்துக்குள்ளேயே சிக்கிக்கிடக்க, மோட்டர் வெறுமனே ஓடிக் கருகும். அம்புக்குறியை அழித்து, கிணற்று நீர்மட்டத்தைச் சோதிக்கும் இடத்துக்கு மேலே கொண்டுபோனதும் படம் சரியாயிற்று. குறிமுறையை எழுதிய பிறகு இதைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு மோட்டரைப் பலிகொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

தொடக்கப் பெட்டிக்கும் இதே கவனம் கிடைத்தது. மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின்னாளியான ரிலே, கடைகளில் பலகையாகக் கிடைக்கிறது; அவற்றுள் பலவும் தாழ்நிலைச் சமிக்ஞையிலேயே (மின்னழுத்தம் தாழும்போதே) இயங்குபவை. ஆகவே முதலில் ரிலே இணைந்த ஆர்டுயினோ முனையை உயர்நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே வெளியீடாக அறிவிக்க வேண்டும். வரிசை மாறினால், மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் ரிலே ஒரு கணம் துள்ளும். இவ்விரண்டையும் தனித்தனிச் செவ்வகங்களாக வரையச் சொன்னது மிகப் பொருத்தமானது.

நேரம் சார்ந்த பகுதிதான் வகுப்பின் பலவீனம். ‘5 விநாடி காத்திரு’ என்ற செவ்வகம் தாளில் சாதுவாக இருக்கிறது; ஆனால் ‘டிலே’ கட்டளையாக அதை எழுதினால், அந்த 5 விநாடியும் பொத்தானை அழுத்தினாலும் செய்நிரல் கவனிக்காது. இதற்கு மாற்றாக, நிற்காமலே கடந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் ‘மில்லிஸ்’ முறை இறுதி வாரத்தில் அவசரமாகத் தொட்டுச் செல்லப்பட்டது. ஓடும் செய்நிரலை இடைநிறுத்தி வேறு வேலைக்குத் திருப்பும் இடையீட்டுச் சமிக்ஞைகளுக்கு இத்தகைய படத்தில் இயல்பான இடமே இல்லை. எந்தப் பெட்டியில் நிற்கும்போதும் அவை வரலாம். கருவி எந்த நிலையிலிருந்து எதனால் எந்த நிலைக்கு மாறும் என்று காட்டும் நிலை மாற்றப் படத்தையும் அருகில் வைத்துக் கற்பித்திருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். உள்ளீடு, வெளியீட்டைக் குறிக்கும் இணைகரத்தின் சாய்வு போதாதென்று படத்தைத் திருப்பிக் கொடுப்பதில் செலவான நேரத்தை (அந்தக் கண்டிப்பு எனக்குச் சற்று மிகையாகவே பட்டது) இதற்குக் கொடுத்திருக்கலாம்.

புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கும், வயரிங் வேலை தெரிந்து செய்நிரல் தெரியாதவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே சில கருவிகளைச் செய்து முடித்தவர்களுக்கு முதற்பாதி மட்டும் போதும். விரிகுடாவின் மறுகரையிலுள்ள மூதூரிலிருந்து வருவோர் கவனிக்க: படங்களைத் திருத்தும் வேலை வகுப்பின் முதல் அரைமணியிலேயே முடிந்துவிடுகிறது, பிந்தி வருபவர்களுக்கு அது மறுபடி நடத்தப்படுவதில்லை.