அரிய நோய்க்கு ஓர் உலகக் கூடுகை: யார் பணத்தில் மதுரையில் நடத்துவது?

மதுரையில் ஒரு மரபியல் பேராசிரியரோ குழந்தைகள் நல மருத்துவரோ, ஏதோ ஓர் அரிய நோயை ஆராயும் ஏழெட்டு நாட்டவரை மூன்று நாள் ஓரிடத்தில் உட்கார வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பணம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விண்ணப்பப் படிவங்களோடு மல்லுக்கட்டியே பழகிய எனக்கு வேறு இரண்டு கேள்விகள் முந்திக்கொண்டு வருகின்றன. பணம் யார் கணக்கில் வந்து விழும்? அந்தப் பணத்தில் யாருக்கெல்லாம் டிக்கெட் எடுக்கலாம்? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பெரிய தொகை தருகிற சில இடங்கள் நமக்கு உதவாமல் போகின்றன. சிறிய தொகை தருகிற சில இடங்கள் கைகொடுக்கின்றன.

இப்படிக் கூடுவது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லாத நோயே அரிய நோய். அமெரிக்காவில் நாடு முழுவதும் 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுக் கொள்கை எண்ணிக்கையால் வரையறுக்கவே இல்லை. எந்த வரையறையை எடுத்தாலும் ஒரு நாட்டு நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மருந்தைச் சோதித்துப் பார்ப்பது கடினம். எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும். மதுரைக்கு வருவதற்கும் காரணம் இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்த ஊர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பிழை வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள் இத்தகைய குடும்பங்களில் கூடுதலாகத் தெரிகின்றன. 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவு, 1966-இல் பிறந்த காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள், தென் மாவட்டங்கள் எல்லாம் வந்து நிற்கும் அரசு ராஜாஜி மருத்துவமனை மூன்றும் இங்கேதான் இருக்கின்றன.

ஐரோப்பாவின் முப்பதாயிரம் யூரோ

அரிய நோய்க்கென்றே, அதிலும் கூடிப் பேசுவதற்கென்றே பணம் ஒதுக்கியவர்கள் ஐரோப்பியர்கள். 2019 முதல் 2024 வரை நடந்த அரிய நோய்களுக்கான ஐரோப்பியக் கூட்டுத் திட்டம், ஒரு நிகழ்ச்சிக்கு அதிகபட்சம் 30,000 யூரோ தந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 27 லட்சத்திலிருந்து 30 லட்சம். அதன் வாரிசாக 2024 செப்டம்பரில் எர்டெரா என்னும் கூட்டணி வந்தது. மொத்த மதிப்பு 38 கோடி யூரோ, ஏழாண்டுத் திட்டம். கூடுகைக்கான உதவி அதிலும் தொடர்கிறது.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல. ஆராய்ச்சியாளரும் மருத்துவரும் விண்ணப்பிப்பதைப் போலவே நோயாளர் அமைப்பும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டுத் திட்டங்களில் அந்த நாற்காலி இன்னும் போடப்படவில்லை. பிடிக்காதது இது: குறைந்தது மூன்று நாட்டவர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், அந்த நாடுகள் திட்டத்தில் பங்கேற்கும் நாடுகளாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே மதுரை விண்ணப்பதாரராக முடியாது. அழைக்கப்படும் விருந்தாளியாக மட்டுமே போகலாம். விருந்தாளியின் செலவை அந்தப் பணத்தில் ஏற்கலாமா என்பதை ஒவ்வொரு விண்ணப்ப அழைப்பிலும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

அப்படி விருந்தாளியாகப் போவதும் நல்ல முதல் அடிதான் என்பேன். முன்பின் அறியாத ஒரு நகரத்துக்கு யாரும் கூட்டத்தைக் கொண்டுவருவதில்லை. ஆனால் போகிறவர் அரசு மருத்துவராக இருந்தால் துறையின் தடையில்லாச் சான்றிதழ் மட்டும் போதாது. விமானம், அறை, உணவு ஆகியவற்றை வெளிநாட்டவர் ஏற்கிறார்கள் என்றால் அது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு விருந்தோம்பல். அரசு ஊழியர் அதை ஏற்க உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் நினைவுகூர்ந்து தவிப்பவர்கள் அதிகம்.

ஐரோப்பாவின் இன்னொரு திட்டமான காஸ்ட் 1971 முதல் இயங்குகிறது. ஆராய்ச்சிக்கு ஒரு காசும் தராது. நான்கு ஆண்டுகள் கூட்டங்கள், பயிற்சிப் பள்ளிகள், குறுகிய கால ஆய்வகப் பயணங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் தரும். ஒரு முறை கூடிக் கலைவதைவிட இது உறுதியான உறவு. ஆனால் நாம் அங்கேயும் வெளியாள். அறிவு கிடைக்கும், பணம் அரிது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆர்13 மாநாட்டு மானியத்துக்கு வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை. அதைத் தாண்டிப் போய்விடலாம்.

இரு நாட்டு மன்றங்கள்

இந்தோ-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 2000-இல் வந்தது. இந்தோ-பிரெஞ்சு மையமான செஃபிப்ரா 1987-இல் வந்தது. இந்தோ-ஜெர்மன் மையம் 2010-இல் வந்தது. இவை மூன்றும் இரு தரப்பும் கூடும் பயிலரங்குகளுக்குப் பணம் தருகின்றன. விண்ணப்பத்தில் இந்தியத் தரப்புக்கும் அந்நியத் தரப்புக்கும் சமமான இடம் உண்டு. மதுரைப் பேராசிரியர் இங்கே விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். மன்றங்கள் அரசுகளின் ஒப்பந்தத்தில் பிறந்தவை என்பதால், அடுத்துச் சொல்லப்போகும் வெளிநாட்டு நன்கொடைச் சிக்கலும் பெரும்பாலும் எழுவதில்லை.

குறை வெளிப்படை. இரண்டு நாடுகள்தான். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நோயாளிகளைப் பற்றிப் பேச இரண்டு நாடுகள் போதுமா என்றால் போதாது. ஆனாலும் எனக்குக் கூச்சமில்லாமல் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஒரு பரம்பரை விழித்திரை நோயை எடுத்துக்கொண்டு, அதில் தேர்ந்த ஒரே ஒரு பிரெஞ்சுக் குழுவோடு மூன்று நாள் உட்கார்ந்தால் மாதிரிகளை எப்படிப் பகிர்வது, நோயாளர் பதிவேட்டில் எந்தெந்தத் தகவலைச் சேர்ப்பது என்பதை எழுதி முடித்துவிடலாம். முப்பது நாட்டவர் கூடும் இடத்தில் படம் எடுத்துக்கொள்ளத்தான் நேரம் இருக்கும். ஒரு தொல்லை உண்டு: இந்த மன்றங்கள் அவ்வப்போது முன்னுரிமைத் தலைப்புகளை மாற்றும். அரிய நோய் என்று தலைப்பில் இல்லாவிட்டால் மரபணுப் பரிசோதனை, நோயறிதல் தொழில்நுட்பம் என்று வேறு வாசல் வழியாக நுழைய வேண்டியிருக்கும்.

எம்போ என்னும் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பில் இந்தியா 2016 முதல் இணை உறுப்பு நாடு. அதனால் அதன் பயிலரங்குகளுக்கு நம் ஊர் விஞ்ஞானியும் போட்டியிடலாம். அங்கே மதிப்பிடுபவர்கள் அறிவியலின் கூர்மையைத்தான் பார்க்கிறார்கள். ஆய்வகம் வலுவாக இருப்பவர்களுக்கு இது சரி. சிகிச்சையும் குடும்பமும் மையமாக உள்ள கூட்டத்துக்கு இது பொருந்தாது.

டெல்லியின் சிறு தொகைகள்

உயிரித் தொழில்நுட்பத் துறையிடம் மாநாடு, பயணம், கண்காட்சி, பொதுச் சொற்பொழிவு ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்த ஒரு திட்டம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கருத்தரங்குகளுக்கு உதவுகிறது. அறிவியல், பொறியியல் ஆராய்ச்சிக்கு நிதி தந்த பழைய செர்ப் வாரியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அது வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறவருக்குச் சாதாரண வகுப்பு விமானக் கட்டணம், விசாக் கட்டணம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தருகிறது. ஐரோப்பாவின் தொகையோடு ஒப்பிட்டால் இவை கைச்செலவு. ஆனால் சட்டச் சிக்கல் இல்லாத பணம். ஆடிட்டர் கேள்வி கேட்காத பணம்.

உண்மையான சங்கடம் தொகையில் இல்லை, காலத்தில்தான். இத்தகைய உதவிகளில் பெரும்பகுதி, நிகழ்ச்சி முடிந்து ரசீதுகளும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வருகிறது. தமுக்கத்தில் மாநகராட்சி கட்டியிருக்கும் மாநாட்டு மையத்தை எடுத்தாலும், அழகர்கோவில் சாலையில் ஓட்டல் அரங்கை எடுத்தாலும் முன்பணம் கட்டாமல் தேதி கிடைக்காது. சமையல்காரரிடம் போய் டெல்லியிலிருந்து பணம் வரும் என்று சொல்லிப் பாருங்கள். கல்லூரி நிர்வாகம் முன்பணம் போட்டுத் தாங்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

ஒரே ஒரு வெளிநாட்டு வல்லுநர் போதும் என்றால், வெளிநாட்டுப் பேராசிரியரை வரவழைத்துப் பாடம் நடத்த வைக்கும் கியான் திட்டத்தை யாரும் ஏனோ நினைப்பதே இல்லை. 2015-இல் தொடங்கிய இது, ஒரு வாரப் பாடத்துக்கு 8,000 டாலர், இரண்டு வாரத்துக்கு 12,000 டாலர் என்று பயணத்தையும் மதிப்பூதியத்தையும் சேர்த்து அவருக்குத் தரும். பல்கலைக்கழகம் வழியாகத்தான் போக வேண்டும். அழைப்பு வரும் சமயம் பார்த்து நிற்க வேண்டும். அவர் வந்திருக்கும் வாரத்திலேயே டெல்லிப் பணத்தில் இரண்டு நாள் கருத்தரங்கை வைத்துக்கொண்டால், முக்கியப் பேச்சாளரின் விமானச் செலவு கருத்தரங்கின் கணக்கில் ஏறாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2021 கொள்கையின்படி நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறதே, அதில் கொஞ்சம் கூட்டத்துக்கு எடுக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முடியாது. 20 லட்சமாக இருந்து 2022-இல் உயர்த்தப்பட்ட அந்தத் தொகை, சிறப்பு மையங்களில் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும் உரியது.

நன்கொடை வந்தால்

பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் சிறு அறக்கட்டளை ஒன்றுக்கு, ஜெர்மனியில் உள்ள சக அமைப்பு ஐந்தாயிரம் யூரோ தர முன்வருகிறது என்று வையுங்கள். மகிழ்ச்சியில் தல்லாகுளம் வங்கிக் கிளையின் கணக்கு எண்ணை அனுப்பிவிடக் கூடாது. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். அமைப்புக்கு மூன்றாண்டு வயது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். புதிய அமைப்பானால் இன்ன கொடையாளர், இன்ன தொகை என்று குறித்து முன் அனுமதி கேட்கலாம். எப்படியானாலும் பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் இறங்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பதிவுள்ள பெரிய மருத்துவமனை வாங்கிப் பெற்றோர் சங்கத்துக்குத் தரட்டும் என்ற பழைய ஏற்பாடு இதோடு போயிற்று.

இந்தச் சட்டத்தோடு பொருதுவதற்குப் பதில், வெளிநாட்டவர் தங்கள் டிக்கெட்டையும் அறையையும் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதே புத்திசாலித்தனம். மாநாட்டில் பங்கேற்கக் கட்டும் பதிவுக் கட்டணம், அந்த மாநாட்டுச் செலவுக்கே பயன்பட்டால் நன்கொடையாகாது என்று உள்துறை அமைச்சகத்தின் விளக்கமும் இருக்கிறது. ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிக்கொண்டு, வெளிநாட்டவருக்குச் சற்றுக் கூடுதலான கட்டணம் வைக்கலாம்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாடகைக் கார்

மேலே சொன்ன பணங்களில் எதுவும் எளிதில் போய்ச் சேராத ஓர் ஆள் உண்டு. மஞ்சப்பைக்குள் பத்து வருட ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் தாய். எந்த மாத்திரைக்குப் பிறகு வலிப்பு கூடியது, எந்த வயதில் பையன் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினான் என்று ஒரு நோட்டில் எழுதியிருப்பார். அந்த நோட்டைத்தான் ஆராய்ச்சியாளர்கள் நோயின் இயல்பு வரலாறு என்று அழைத்துப் பல நாடுகளில் தேடுகிறார்கள். அவர் வர வேண்டுமானால் சக்கர நாற்காலி ஏறுகிற வாடகைக் கார் வேண்டும், கூட ஒருவர் வேண்டும், இருவருக்கும் அன்றைய கூலி போகும். ஆங்கிலத்தில் நடக்கும் அமர்வில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆளும் வேண்டும். பேச்சாளர், இளம் ஆய்வாளர், மாணவர் என்று பிரிக்கப்பட்ட டெல்லிப் படிவங்களில் இவருக்குக் கட்டம் இல்லை. ஐரோப்பியப் படிவத்தில் நோயாளர் பிரதிநிதி என்ற கட்டம் உண்டு. ஆனால் அந்தப் படிவம் நமக்கு இல்லை. இதற்கு உள்ளூர்ப் பணம்தான் ஒரே வழி. வரிவிலக்குச் சான்றுள்ள அறக்கட்டளை வழியாக ஊர் வணிகர்களிடம் கேட்டால், விஞ்ஞானியின் விமானத்துக்குத் தயங்குகிறவர்கள்கூடக் குழந்தை வரும் காருக்குத் தயங்குவதில்லை.

மருந்து நிறுவனங்கள் இதற்கெல்லாம் தாங்களே முன்வரும். அரிய நோய் மருந்து விலை உயர்ந்தது. அதனால் ஆர்வமும் அதிகம். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறைப்படி, பேச்சாளராக இல்லாத மருத்துவருக்கு நிறுவனம் பயணச் செலவோ தங்கும் செலவோ தரக் கூடாது. நிறுவனம் உதவும் கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்தவும் கூடாது. உள்நாட்டில் செய்யும் செலவைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அரங்குக்கு வெளியே காட்சிக் கூடத்துக்கு வாடகை வாங்கிக்கொள்ளலாம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். பெற்றோர்கள் வரும் காரின் கதவில் மருந்தின் பெயர் ஒட்டியிருக்கக் கூடாது.

தேதி விஷயத்தில் மதுரைக்கென்று சில நிபந்தனைகள் உண்டு. பொங்கலை ஒட்டிய ஜல்லிக்கட்டு நாள்களிலும் சித்திரைத் திருவிழாவிலும் அறை கிடைக்காது. ஐரோப்பாவிலிருந்து நேராக மதுரைக்கு விமானம் இல்லை. கொழும்பு அல்லது துபாய் வழியாகவோ சென்னையில் இறங்கியோ வர வேண்டும். வருகிறவர்களுக்கு மாநாட்டு விசா வேண்டும். அதற்கு வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் அனுமதிக் கடிதங்கள் வேண்டும். அவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். உலக அரிய நோய் நாள் பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள். வெயில் இன்னும் ஏறாத, அறையும் கிடைக்கிற வாரம் அது. அந்த வாரத்தைக் குறிவைப்பவர் இரு நாட்டு மன்ற விண்ணப்பத்தை அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.